பின்னிணைப்பில் ஒரு பெண்

தோரினின் தங்கையைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கதைகளைப் படித்தவர்களுக்குத் தோரினைத் தெரியும். டிராகனிடம் பறிபோன மலையை மீட்கப் பன்னிரண்டு பேரோடும் ஹாபிட் என்ற சிற்றுருவ இனத்தான் ஒருவனோடும் புறப்பட்ட அரசன். அவனுக்கு ஒரு தங்கை உண்டு என்று சொன்னால் பலர், "அப்படியா? எந்த இடத்தில் வருகிறாள்?" என்று கேட்கிறார்கள். எந்த இடத்திலும் வருவதில்லை. வம்சாவளிப் படத்தில் ஒரு பெயராக இருக்கிறாள், 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலின் முதல் பின்னிணைப்பில் இரண்டு மூன்று வரிகளில் இருக்கிறாள். பெயர் டீஸ். பிறப்பு, அந்தக் கற்பனை உலகின் காலக்கணக்கில் மூன்றாம் யுகம் 2760. இறந்த ஆண்டு குறிக்கப்படவில்லை.

அந்தக் கதைகளில் தோரினின் இனத்தில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண் அவள்தான் என்று டோல்கீனே அங்கே எழுதிவைத்திருக்கிறார். ஒரு முழு இனத்தின் பல்லாயிரம் ஆண்டு வரலாற்றில் ஒரே ஒருத்தி.

முதலில் ஒரு சொல்லைத் தீர்த்துக்கொள்கிறேன். இந்த இனத்தைத் தமிழில் "குள்ளர்கள்" என்றோ, சிறுவர் கதை வழக்கப்படி "சித்திரக்குள்ளர்கள்" என்றோ எழுத எனக்கு மனம் வரவில்லை. உயரத்தை வைத்து அழைப்பது பக்கத்து வீட்டார் வைத்த பெயர். அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது "கஸாத்" என்று. அவர்களின் படைப்புத் தெய்வமான அவுலே அவர்களுக்குக் கொடுத்த பெயர் அது. நான் அதையே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பொற்கொல்லர் வீடு. கோயம்புத்தூரில் ஒரு சந்தின் கடைசியில் முன் அறை பட்டறை, பின் அறை குடும்பம். உமி அடுப்பும் ஊதுகுழலும் கம்பியச்சும்தான் என் சின்ன வயதின் வாசனையும் சத்தமும். கல்லூரி நூலகத்தில் முதன்முதலாக இந்தக் கதையைப் படித்தபோது கஸாத் மக்களை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். ராத்திரி எல்லாம் குனிந்து உட்கார்ந்து, தன் கையில் இருப்பதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாதவர்கள். பேரம் என்றால் குன்றிமணி அளவுக்கும் விட்டுக்கொடுக்காதவர்கள். அப்போது பின்னிணைப்புகளைப் படிக்கவில்லை. கதை முடிந்த பிறகு ஆண்டுக் கணக்குகளை யார் படிப்பார்கள் என்று மூடிவைத்துவிட்டேன்.

சென்ற ஆண்டு அப்பா காலமானார். அதற்குப் பிந்தைய மாதங்களில் தூக்கம் வராத இரவுகளில் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை பின்னிணைப்புகளையும் விடவில்லை. அங்கேதான் ஒரு வரி என்னை நிறுத்தியது. மலையை இழந்து, போரில் பாதிப் பேரை இழந்து, மேற்கே நீல மலைகளில் வந்து ஒதுங்கிய காலத்தைப் பற்றிய வரி. அந்த நாட்களில் அவர்கள் வார்த்ததும் அடித்ததும் பெரும்பாலும் இரும்புதான் என்கிறது. பொன் இல்லை, பொன்னைவிட அரிய மித்ரில் என்ற உலோகமும் இல்லை. இரும்பு.

என் அப்பாவும் பொன்னை விட்டு இரும்புக்கு வந்தவர். இயந்திரத்தில் வார்த்த நகைகள் கடைகளை நிறைத்தபோது கையால் செய்யும் வேலை குறைந்துகொண்டே போயிற்று. ஒரு கட்டத்தில் பட்டறையை மூடிவிட்டு, ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்யும் ஒரு வெல்டிங் கடையில் சேர்ந்தார். முதல் நாள் வேலை முடிந்து வந்து, கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தோரின், ஹாபிட்டின் வீட்டில் உட்கார்ந்து, பிழைப்புக்காகக் கருமான் வேலைக்கும் நிலக்கரி தோண்டும் வேலைக்கும்கூட இறங்க வேண்டி வந்தது என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. பத்தொன்பது வயதில் அதைச் சாதாரணமாகக் கடந்துபோயிருக்கிறேன். இப்போது அந்த வாக்கியத்தில் அப்பாவின் கைகள் தெரிந்தன.

அந்த இரும்பு வரியோடு சேர்த்து ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. அவர்களிடம் பெண்கள் மிகக் குறைவு, த்ராயினின் மகள் டீஸ் அங்கே இருந்தாள், அவள் ஃபீலிக்கும் கீலிக்கும் தாய், அந்தப் பிள்ளைகள் நீல மலைகளில் பிறந்தவர்கள், தோரினுக்கு மனைவி இல்லை. அவ்வளவுதான் குறிப்பு. அதைப் படித்த பிறகு ஒரு காகிதத்தை எடுத்து அவளுடைய ஆண்டுகளைக் கூட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

2770இல் ஸ்மாக் என்ற டிராகன் எரெபோர் மலையைப் பிடிக்கிறது. டீஸுக்குப் பத்து வயது. அண்ணன் தோரினுக்கு இருபத்து நான்கு, சின்ன அண்ணன் ஃப்ரெரினுக்குப் பத்தொன்பது. முப்பத்திரண்டு வயதுக்காரனையே இளஞ்சிறுவன் என்று சொல்லும் இனத்தில் பத்து வயது என்றால் கைக்குழந்தைக்குச் சற்று மேல். அந்த வயதில் வீட்டை விட்டு ஓடிவருகிறாள். பிறகு தெற்கே வீடில்லாத அலைச்சல். 2790இல் தாத்தா த்ரோர், முன்னோர் இழந்த நிலத்தடி நகரமான மோரியாவின் வாசலுக்குள் தனியாகப் போய், ஓர்க் என்ற கொடிய இனத்தின் தலைவன் அஸோக் கையில் சாகிறார். தலையை வெட்டி, நெற்றியில் தன் பெயரைச் சுட்டு எழுதி வெளியே எறிகிறான் அவன். அந்த அவமானத்துக்காகக் கஸாத் இனத்தின் எல்லாக் குலங்களும் திரண்டு ஆறு ஆண்டு போர் செய்கின்றன. 2799இல் அஸானுல்பிஸார் பள்ளத்தாக்கில் கடைசிச் சண்டை. வெல்கிறார்கள். ஃப்ரெரின் அங்கே சாகிறான், அப்பாவுக்கு ஒரு கண் போகிறது. டீஸுக்கு முப்பத்தொன்பது வயது.

அந்தச் சண்டைக்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் இந்த மக்களைப் பற்றி எழுத முடியாது. கஸாத் இறந்தவர்களை மண்ணில் புதைப்பதில்லை. கல்லில் கல்லறை குடைந்து, கல்லுக்குள்தான் கிடத்துவார்கள். ஆனால் அன்று விழுந்து கிடந்தவர்கள் அத்தனை பேர். ஒவ்வொருவருக்கும் கல்லறை குடைய வேண்டுமென்றால் எஞ்சியவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆகும். விலங்குக்கும் பறவைக்கும் ஓர்க்குகளுக்கும் விட்டுவிட்டுப் போகவும் மனம் இல்லை. அதனால் பள்ளத்தாக்கின் மரங்களை எல்லாம் வெட்டிச் சிதை அடுக்கி எரித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பிறகு மரமே முளைக்கவில்லை. எரிப்பது நமக்குச் சடங்கு. அவர்களுக்கோ அது மரபை முறித்த ஒரு காரியம், வேறு வழியில்லாமல் செய்தது. ஆனாலும் அந்த வலியை அவர்கள் பெருமையாக மாற்றிக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஒருவர் தன் முன்னோரைப் பற்றி "எரிக்கப்பட்ட கஸாத்" என்று சொன்னால் போதும், அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஃப்ரெரினுக்குக் கல்லறை இல்லை. தங்கை போய் நிற்க ஓர் இடம் இல்லை.

இவர்களைப் பொன்னாசை பிடித்தவர்கள் என்று சொல்பவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. பொன்னாசை அவர்களிடம் உண்டு. அதனால் அழிந்தும் இருக்கிறார்கள். மோரியாவில் மித்ரிலைத் தேடி ஆழமாகத் தோண்டப்போய்த்தான் 1980இல் பால்ராக் என்ற நெருப்புப் பூதம் விழித்துக்கொண்டது, அரசன் ஆறாம் டூரின் செத்தான். ஆனால் பொன்னைச் சேர்த்து வைப்பவனின் ஆசை வேறு, பொன்னில் வேலை செய்பவனின் ஆசை வேறு. பட்டறையில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பிற்காலத்துக் கஸாத் வீரன் கிம்லி, ஹெல்ம் பள்ளத்தாக்கின் பளிங்குக் குகைகளைப் பார்த்துவிட்டு வந்து எல்ஃப் நண்பனிடம் பேசும் பேச்சு ஒன்று போதும். அந்தக் குகைகளை வெட்டி விற்கலாம் என்று அவன் சொல்வதில்லை. பூக்கும் கல் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்வோம், பதற்றமான ஒரு நாள் முழுக்கவும் சிறு சில் ஒன்று, ஒரே ஒரு சில்தான் பெயர்ப்போம் என்கிறான். போர் முடிந்த பிறகு தன் மக்களில் சிலரை அழைத்துக்கொண்டு அங்கேயே போய்க் குடியேறுகிறான்.

பெண்களைப் பற்றிப் பின்னிணைப்பு சொல்வதும் கிம்லி சொன்னதாகத்தான் வருகிறது. மொத்த மக்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இருக்க மாட்டார்கள். மிக அவசியம் என்றால் ஒழிய வெளியே போவதில்லை. போனால் குரலிலும் தோற்றத்திலும் உடையிலும் ஆண்களைப் போலவே இருப்பதால் மற்ற இனத்தாருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் கஸாத் இனத்தில் பெண்களே இல்லை, அவர்கள் கல்லிலிருந்து முளைக்கிறார்கள் என்று மனிதர்கள் ஒரு முட்டாள்தனமான கதையைக் கட்டிவிட்டார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து வருவது. வாழ்நாளில் ஒரே திருமணம். பெண்கள் எல்லாரும் மணந்துகொள்வதில்லை. சிலருக்கு விருப்பமே இல்லை. சிலருக்கு ஒருவன் மேல் விருப்பம், அவன் கிடைக்கவில்லை, வேறு யாரும் வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். ஆண்களில் மணப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிகப் பலருக்குத் தங்கள் கைவேலையிலேயே மனம் தோய்ந்துவிடுகிறது. தொள்ளாயிரம் பேர் உள்ள ஒரு குடியிருப்பு என்றால், பெண்கள் முந்நூறு பேருக்குள். மீதி அறுநூறு ஆண்களில் கல்யாணமானவர்கள் இருநூறு பேரைத் தொட மாட்டார்கள். பெண்கள் இவ்வளவு குறைவான ஒரு சமூகம் அவர்களைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கும் என்றுதான் நம் அனுபவம் சொல்லும். இங்கே அப்படி யாரும் கட்டாயப்படுத்தியதாக ஒரு சொல்கூட இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். இனம் மெதுவாகத்தான் பெருகும், பாதுகாப்பான இருப்பிடம் இல்லாதபோது ஆபத்துக்கு உள்ளாகும் என்று தெரிந்தும் அப்படித்தான். என் பெரியத்தை ஒருவர் மணமாகாமலே வாழ்ந்தார். ஊரே அதைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இந்தப் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும், அச்சான படைப்புக் கதையில் அவுலே உருவாக்குவது ஏழு தந்தையரை. தாய்மார் பேச்சே இல்லை. மற்ற இனங்கள் வரும்வரை பொறுக்க முடியாமல், கற்றுக்கொடுக்கப் பிள்ளைகள் வேண்டும் என்ற ஆசையில் அவர் ரகசியமாகச் செய்தவர்கள் அவர்கள். மேலான கடவுள் கண்டுபிடித்துக் கேட்டபோது, தானே அழித்துவிடுகிறேன் என்று அழுதுகொண்டே சம்மட்டியை ஓங்குகிறார். அந்த ஏழு பேரும் நடுங்கி, தலை குனிந்து, இரக்கம் கேட்கிறார்கள். ஓங்கிய சம்மட்டிக்கு அவர்கள் அஞ்சியதிலிருந்தே, அவர்களுக்குச் சொந்த உயிர் வந்துவிட்டது என்று தெரிகிறது. டோல்கீன் எழுதியவற்றில் இதைவிட அழகான பக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும், அந்த ஏழு பேருக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று தேடுகிறேன்.

டீஸிடம் திரும்புகிறேன். 2841இல் அப்பா த்ராயின் மனத்தில் இருப்பதைத் தோரினிடம்கூடச் சொல்லாமல், சில பேரோடு விடைபெற்றுக் கிழக்கே போகிறார். திரும்பவில்லை. 2859இல் ஃபீலி பிறக்கிறான், 2864இல் கீலி. பிள்ளைகளின் தந்தை பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. தந்தை வழியில் எல்லாவற்றையும் எழுதும் வம்சாவளியில் இந்த ஒரு கிளை மட்டும் தாய் வழியாக இறங்குகிறது. அதை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

இரும்பு அடித்த காலத்தில்தான் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். மலையின் உள்ளே எப்படி இருந்தது, விளக்கொளியில் கூடம் எப்படி மின்னியது, வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லி மனிதர்கள் தங்கள் மகன்களைக் கொண்டுவந்து விட்டு அதற்குக் கூலியாகத் தானியம் தந்தது, இதையெல்லாம் அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. யாரோ சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். மாமன் சொல்லியிருப்பான். தாயும் சொல்லியிருப்பாள், பத்து வயதுக் கண்ணுக்குத் தெரிந்ததை. இது புத்தகத்தில் இல்லை, என் ஊகம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பட்டறை இருந்த நாட்களைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டார். சொன்னதெல்லாம் அம்மா. தினமும் சாயங்காலம் பட்டறைத் தரையை மெல்லிய துடைப்பத்தால் கூட்டி, அந்தத் தூசியை ஒரு தகர டப்பாவில் சேர்த்துவைப்பார் அம்மா. ஆண்டுக்கொருமுறை அதை வாங்கி அலசிப் பொன் துகள் எடுப்பவர்கள் வருவார்கள். அந்தப் பணம்தான் எங்கள் பள்ளிக்கூடக் கட்டணம். பூந்திக்கொட்டை நீரில் நகையைத் தேய்த்து மெருகேற்றியதும் அம்மாதான். அப்பாவின் கணக்கு நோட்டில் இவற்றுக்கெல்லாம் ஒரு வரி கிடையாது.

2941, வசந்த காலம். தோரின் புறப்படுகிறான். ஃபீலியும் கீலியும் உடன் போகிறார்கள். எண்பத்திரண்டும் எழுபத்தேழும், அந்தக் கூட்டத்திலேயே இளையவர்கள். ஹாபிட்டுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் லாபத்தில் பதினான்கில் ஒரு பங்கு வரை உண்டு, பயணச் செலவு உண்டு, தேவைப்பட்டால் ஈமச் செலவும் உண்டு. சாவையும் கணக்கில் எழுதிவிட்டுக் கிளம்புகிறவர்கள் இவர்கள். கடைசிப் போரில் தோரின் விழுகிறான். அவனைக் காக்கக் கேடயமும் உடலுமாக நின்று இரண்டு பிள்ளைகளும் சாகிறார்கள். ஏனென்றால் அவன் அவர்களின் தாய்க்கு அண்ணன் என்று சொல்கிறது கதை. பெயர் இல்லாமல் டீஸ் அந்த வாக்கியத்துக்குள் நிற்கிறாள். தமிழில் அதற்கு ஒரே சொல், தாய்மாமன். அந்த உறவின் கனம் நமக்கு விளக்காமலே புரியும். வடக்கத்திய ஐரோப்பாவிலும் இது பழைய உறவுதான். ஜெர்மானியக் குடிகளிடம் சகோதரி மகனுக்குத் தந்தையிடம் எவ்வளவு மதிப்போ, அவ்வளவு மதிப்பு மாமனிடமும் உண்டு என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் முதல் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறார். டோல்கீனுக்கு அந்த உலகம் மனப்பாடம்.

பதின்மூன்று பேர் போனார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள். செத்த மூவரும் ஒரே பெண்ணுக்கு உரியவர்கள். தோரினை மலையின் ஆழத்தில் அடக்கம் செய்ததும், மார்பின் மேல் ஆர்க்கென் மணியை வைத்ததும், கல்லறை மேல் அவன் வாளை வைத்ததும் விரிவாக வருகிறது. நீல மலைக்குச் செய்தி போனதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவளுக்கு அப்போது நூற்று எண்பத்தொரு வயது. கஸாத் இருநூற்றைம்பது வரை வாழக்கூடியவர்கள்.

மீட்ட மலைக்கு அவள் திரும்பிப் போனாளா? பத்து வயதில் விட்டுவந்த கூடத்தில் மறுபடி நின்றாளா? போயிருந்தால், அண்ணனின் கல்லறைமுன் நின்றிருப்பாள். போகவில்லை என்றாலும் எனக்குப் புரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கஸாத் மொழி குஸ்தூல். செமிட்டிக் மொழிகளைப் போல மெய்யெழுத்து வேர்களில் கட்டப்பட்டது. கஸாத், குஸ்தூல் இரண்டும் ஒரே வேர். அதைப் பிறருக்கு அவர்கள் கற்றுக்கொடுப்பதில்லை. அது தொட்டிலில் பேசும் மொழிகூட இல்லை, முன்னோர் விட்டுப்போன சொத்தைப்போலப் பேணிக் காத்த மொழி என்கிறார் டோல்கீன். இதைப் படித்ததும் எட்டாம் வகுப்பு இலக்கண வகுப்பு நினைவுக்கு வந்தது. குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டு, பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பர். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "அந்தச் சொல்லை இப்போது யார் சொல்கிறார்கள்? எங்களுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன" என்றார். என்ன சொற்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

மொழியைவிட இறுக்கமாக அவர்கள் மூடிவைப்பது பெயரை. நமக்குத் தெரிந்த தோரின், ஃபீலி, கீலி, த்ராயின் எல்லாம் வெளிப்பெயர்கள், பக்கத்து மனிதர்களின் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டவை. டோல்கீன் அவற்றைப் பழைய ஐஸ்லாந்துக் கவிதையான வோலுஸ்பாவின் பெயர்ப்பட்டியலிலிருந்து எடுத்தார். "டீஸ்" அந்தப் பட்டியலில் இல்லை. அது பழைய நார்ஸ் மொழியில் பெண் தெய்வத்தைக் குறிக்கும் பொதுச்சொல். ஒவ்வொரு கஸாத்துக்கும் உள்ளே ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை வேற்று இனத்தார் யாருக்கும் அவர்கள் சொன்னதில்லை. கல்லறையில்கூடப் பொறிப்பதில்லை. மோரியாவில், தோரினோடு போனவர்களில் ஒருவரான பாலினின் கல்லறை மேல் இருப்பதும் வெளிப்பெயர்தான்.

ஆகவே நமக்குக் கிடைத்த அந்த ஒரே பெண் பெயரும் அவளுடைய பெயர் இல்லை. அண்ணன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்த பெயர் ஒன்று இருந்தது. 2941க்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அவளை அழைக்க எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இதை எழுதத் தொடங்கிய வாரத்தில் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். திருமணமாகி வந்த வீட்டில் மாமியாருக்கும் அதே பெயர் என்பதால், அம்மாவை அன்றிலிருந்து வேறு பெயரில்தான் அழைத்தார்கள். ரேஷன் அட்டையிலும் அந்தப் பெயர்தான். "பிறந்த வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டேன். தகர டப்பாவைக்கூட இன்னும் எறியாமல் வைத்திருப்பவர், சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், மெதுவாக, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில். செல்லப் பெயர் ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்.

அதை இங்கே எழுதவில்லை.